நாற்பத்தேழாம் நம்பர் மனை

கிள்ளானில் எங்கள் தாமானுக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் முருகேசன் ரொட்டி போடுகிறான். தாமான் என்றால் மலாய் மொழியில் தோட்டம். வீடு, சாலை, பூங்கா, விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் முதலிலேயே படம் போட்டுக் கட்டிய குடியிருப்புக்கு எங்கள் நாட்டில் அதுதான் பெயர். அவனுக்கு ஊர் பெரம்பலூர் பக்கம். பதினோரு வருடமாக அந்த அடுப்படியில்தான் நிற்கிறான். ஐஸ் பெட்டிக்கு மேலே முருகன் படம் மாட்டியிருக்கிறான். அதற்குப் பக்கத்தில் இன்னொரு படம். செம்மண், முள்செடி, நடுவில் ஒரு கல். கல்லில் சிவப்புப் பெயிண்டில் 47.

நான் தமிழ்நாடு போகிறேன் என்று தெரிந்ததும் மாவுக் கையோடு ஓடிவந்தான். "அண்ணே, எங்க ஊரு பக்கம் போயி என் எடத்த ஒரு எட்டு பாத்துட்டு வாங்கண்ணே. ஒரே ஒரு போட்டோ போதும். தை மாசம் லீவுல போயி கடக்கால் போடணும். எம் பொண்டாட்டி திருமானூர்ல அவங்கம்மா வூட்ல இருக்கா. அவங்கப்பா படுத்த படுக்கை, அவளால நகர முடியல. பத்திரம் பதிஞ்ச அன்னைக்குப் பாத்ததோட சரி." மனை வரைபடத்தின் நகல் ஒன்றையும் நான்காய் மடித்து என் சட்டைப் பையில் திணித்தான்.

மறுக்க முடியுமா? தினமும் அவன் கையால் சாப்பிடுகிறவன் நான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகராண்மைக் கழகத்தில் முப்பது வருடம் புல் வெட்டும் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவன். பூங்காவுக்குப் போனால் மற்றவர்களுக்குப் பூ தெரியும், எனக்குக் குப்பைத் தொட்டி தெரியும். குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய ஆள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மனைவியைச் சென்னையில் அவள் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை அரியலூரில் ரயிலைவிட்டு இறங்கினேன். பஸ் நிலையத்துக்கு வருவதற்குள் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய் என் வெள்ளைச் சட்டையை வேறு ஒரு வெள்ளையாக்கிவிட்டன. கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் பெரம்பலூர் என்று நினைத்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, உட்கார்ந்ததும் தூங்கியும் போனேன். எழுப்பியது பக்கத்து இருக்கை அம்மாள்.

"ஐயா, எங்க எறங்கணும்?"

"பெரம்பலூருங்க."

"அட ராமா! இது திருமானூரு போவுதுங்க. நீங்க போவ வேண்டியது அந்தாண்ட!" அவர் சொன்ன சத்தத்தில் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊரில் ஒருவன் தப்பான பஸ்ஸில் ஏறினால் அது அவன் பாடு. இங்கே ஏழெட்டுப் பேர் என் பிரச்சினையை எடுத்துக்கொண்டு தங்களுக்குள் சண்டை போட்டார்கள். கடைசியில் ஓட்டுநரே எதிரே வந்த பஸ்ஸுக்குக் கைகாட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். அதற்குள் அந்த அம்மாள் என் கையில் இரண்டு வேகவைத்த மக்காச்சோளத்தைத் திணித்திருந்தார்.

பெரம்பலூரில் ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, குரும்பலூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி அந்த நகருக்குப் போனேன். சாலையோரம் வளைவில் பெரிதாக 'அல்லி கார்டன்' என்று எழுதியிருந்தது. அல்லியும் இல்லை, அல்லி பூக்கக் குளமும் இல்லை. மனை விற்றவர் எப்போதோ விற்று முடித்துப் போய்விட்டார். சரிதான், நம் ஊரில் பார்க்காத ஏமாற்றா என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே உள்ளே போனேன்.

நான்கு தெரு. ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு மரம். சாக்கடையில் தண்ணீர் தேங்கவில்லை. குப்பை இரண்டு நிறத் தொட்டிகளில் பிரிந்து கிடந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், குறை ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

மோட்டார் அறைச் சுவரில் ஒரு கரும்பலகை. கிழமைக்கு ஐந்தாறு என்று மனை எண்களை எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு நேராகப் பார்த்தேன். 43, 44, 45, 46, 48. நாற்பத்தேழைக் காணவில்லை.

"யாரு சார் வேணும்?" என்று பின்னாலிருந்து குரல். ஒல்லியான மனிதர், கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு விசில். நகர் சங்கத்தின் செயலாளர் கலியபெருமாள். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நாற்பத்தேழாம் நம்பர் மனையைப் பார்க்கணும். மலேசியாவிலிருந்து வர்றேன். அதன் சொந்தக்காரர் அனுப்பினார்."

அவர் முகம் ஒரு நொடி வெளுத்ததை நான் பார்த்தேன். ஆனால் வெயிலில் நின்றிருந்தோம், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நாப்பத்தேழா? காட்டுறேன் சார், காட்டுறேன். மொதல்ல வூட்டுக்கு வாங்க. ஒரு வாய் காப்பி சாப்புடுங்க."

காப்பி சாப்பாடாக வளர்ந்தது. அவர் மனைவி சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாகப் போட்டு வைத்த வத்தக்குழம்பை நான் மூன்று முறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். வீட்டின் ஒரு மூலையே வெங்காயக் குவியல்தான். சாப்பிட்டு முடிந்ததும் கண்ணைச் சொருகியது. எழுந்தபோது கடைசி வெயில். "நாளைக்குப் பாத்துக்கலாம் சார், எங்க ஓடிடப் போவுது" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

புதன்கிழமை விடியலிலேயே போய் நின்றேன். சரியாக ஆறு மணிக்குக் கலியபெருமாள் மோட்டார் அறை வாசலில் நின்று இரண்டு விசில் ஊதினார். பஸ்ஸில் கண்டக்டர் 'போகலாம்' என்பதற்கு ஊதுவாரே, அதே இரண்டு. உடனே புதன்கிழமை வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் குடத்தோடும் வாளியோடும் வந்தார்கள். பூங்காவிலிருந்த தொட்டியில் தண்ணீர் விழுந்தது. மொண்டு மொண்டு ஒவ்வொரு மரத்துக்கும் ஊற்றினார்கள். அரைமணி கழித்து ஒரே ஒரு விசில். எல்லோரும் நின்றார்கள். மோட்டாரும் நின்றது.

"ஆபீசர் வூடா இருந்தாலும் சரி, கூலி வேலைக்குப் போறவங்களா இருந்தாலும் சரி, முறைன்னா முறைதான் சார். காசு குடுத்து ஆள் வெச்சு ஊத்தக்கூடாது. ஊருக்குப் போனா பக்கத்து வூட்ல சொல்லிட்டுப் போவணும்" என்றார் கலியபெருமாள்.

அந்தப் பூங்காவைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு மனை அளவுதான். அதற்குள் ஒரு நாவல், இரண்டு புங்கன், ஒரு மகிழம், வேலியோரம் பூவரசு. நடுவில் ஷட்டில் ஆட வலை. ஒரு மூலையில் தகரக் கொட்டகை, உள்ளே நாளிதழ்களும் நான்கு பெஞ்சும். நான் முப்பது வருடம் பார்த்த பூங்காக்களில் எந்தப் புல்லும் இத்தனை கவனிப்பைக் கண்டதில்லை. எங்கள் தாமான் பூங்காவில் குழாய் உடைந்தால் புகார் எண்ணுக்குப் போன் செய்துவிட்டு மூன்று வாரம் காத்திருப்போம். அந்தப் போனை எடுத்தவனும் ஒரு காலத்தில் நான்தான்.

கொட்டகைக்குப் பொறுப்பு வசந்தா டீச்சர். பூங்காவுக்கு எதிர் வரிசையில் வீடு. ஓய்வு பெற்றும் குரலில் ஓய்வு இல்லாதவர். அவர்தான் எனக்கு 'பாத்திர பீரோ'வைத் திறந்து காட்டினார். அண்டா, குண்டான், சல்லடைக் கரண்டி, நூறு எவர்சில்வர் தட்டு. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் இங்கிருந்துதான் போகும். துலக்கித்தான் திரும்பி வரும். பக்கத்தில் மடக்குச் சக்கர நாற்காலி ஒன்று, தலைமாட்டைத் தூக்கி இறக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று.

"கட்டில் இப்ப ரெண்டாவது தெருவுல இருந்து வந்திருக்கு. இடுப்பு எலும்பு ஒடஞ்சவங்க எழுந்து நடந்துட்டாங்க" என்றார், தன் மாணவி பாஸானதைச் சொல்வதுபோல.

வசதி என்றால் எங்களுக்கு நீச்சல் குளம், காவலாளி, கேமரா. படுத்த படுக்கையாகிவிட்டால் கட்டில் வீடு தேடி வரும் என்ற வசதியை எந்த விற்பனைத் தாளிலும் நான் படித்ததில்லை.

சாயங்காலம் பெண்கள் ஷட்டில் ஆடினார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்த அடியில் பந்து நாவல் கிளையில் போய் மாட்டியது. "ஏய், உங்க வூட்டுக்காரர் மேல இருக்குற கோவத்த எல்லாம் பந்து மேலயா காட்டுற?" என்று ஒருத்தி கேட்க, "அவரு மேல காட்டுனா கட்டில் வேணுமேடி, இப்பதான வந்திருக்கு!" என்று மற்றவள் சொன்னாள். நானும் சிரித்துவிட்டேன். அவர்கள் ஒரு தட்டு சோளப் பணியாரத்தை என் பக்கம் தள்ளினார்கள்.

ஆனால் நாற்பத்தேழு? காலையில் கேட்டேன், "சேறா கெடக்கு சார்" என்றார் கலியபெருமாள். மண் வறண்டு வெடித்துக் கிடந்தது. மதியம் கேட்டேன், வாலிகண்டபுரம் சிவன் கோயிலுக்குப் போகலாம் என்று மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். கோயில் அருமை. ஆனாலும் எனக்கு மெல்ல விளங்கத் தொடங்கியது, இந்த மனிதர் என்னை உபசரிக்கவில்லை, கடத்திக்கொண்டு திரிகிறார் என்று.

வியாழக்கிழமை யாரிடமும் கேட்கவில்லை. முருகேசன் கொடுத்த வரைபடத்தைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நானே நடந்தேன். மனை எண்கள் முதல் தெருவில் மேற்கிலிருந்து கிழக்கே போய், இரண்டாம் தெருவில் கிழக்கிலிருந்து மேற்கே திரும்பி, மாடு ஏர் உழுவதுபோல் போயின. மூன்றாம் வரிசை கிழக்குக் கோடியில் 46-இல் முடிந்தது. அங்கேயே எதிர்ப்பக்கம் தாண்டி நான்காம் வரிசை 47-இல் தொடங்கியது. தாண்டினேன். நிமிர்ந்து பார்த்தேன்.

என் கை ஷட்டில் வலைக் கம்பத்தின் மேல் இருந்தது.

அடப்பாவிகளா! நேற்று நான் உட்கார்ந்து பணியாரம் தின்றது முருகேசனின் மனையில்!

கலியபெருமாள் தூரத்திலிருந்தே என்னையும் வரைபடத்தையும் பார்த்துவிட்டார். வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "எந் தப்புதான் சார். முழுக்க எந் தப்பு."

ரோடு போட வந்த இயந்திரம் கல்லையெல்லாம் பெயர்த்துப் போட்டுவிட்டது. நான்காம் வரிசையில் அப்போது ஒரு வீடுகூட இல்லை. பூங்கா இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் பொறுப்பு இவருக்கு வந்தது. வாழ்நாள் முழுக்க பஸ் சீட்டை எண்ணிய மனிதர். பஸ்ஸில் ஒவ்வொரு வரிசையையும் ஒரே பக்கத்திலிருந்துதான் எண்ணுவார்கள். இவரும் நான்காம் வரிசையை மேற்கிலிருந்து எண்ணி, கடைசியில் வருவது பூங்கா என்று கிழக்குக் கோடியில் போய் நின்று இரண்டு விசில் ஊதிவிட்டார். உண்மையான பூங்கா இடம் மேற்குக் கோடியில் முள் மண்டிக் கிடக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு அந்த வரிசையில் முதல் வீடு வந்தபோது சர்வேயர் சங்கிலி போட்டார், குட்டு உடைந்தது. பத்திரத்தில் இருந்த கிராமத்து விலாசத்துக்கு இரண்டு கடிதம் போட்டார்களாம். இரண்டும் திரும்பி வந்தன.

"அதுக்கு மேல தேடல" என்றார் எதிர் வீட்டிலிருந்து வந்துவிட்ட வசந்தா டீச்சர். "தேடுனா கெடச்சிருப்பாரு. கெடச்சிருவாரோன்னு பயந்துக்கிட்டுத் தேடல. நானும் சேத்துத்தான் சொல்றேன்."

கலியபெருமாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. அந்தக் கோடியில முள்ளு கெடக்குற எடத்த ஒரு போட்டோ புடிச்சு அனுப்பிடுங்களேன். பாக்க அப்படியேதான் இருக்கும். தையில அவரு வரட்டும், கால்ல விழுந்தாவது நாங்க பேசிக்கிறோம்."

மறைக்காமல் சொல்கிறேன், நான் போனேன். மேற்குக் கோடியில் நின்று போனைத் தூக்கினேன். செம்மண், முள்செடி. ஐஸ் பெட்டிக்கு மேலே இருக்கும் படத்தின் அச்சு. ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த நாவல் மரம் தை வரைக்கும் பிழைக்கும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு பதினோரு வருடம் நெருப்பில் நின்றவனுக்கு, அதே மாதிரி ஒரு பொய்யை நான் எப்படிக் கொடுப்பது? நாளைக்கு அவன் கையால் எப்படிச் சாப்பிடுவது? போனை இறக்கினேன். பூங்காவுக்குத் திரும்பி வந்து அவனைக் கூப்பிட்டேன்.

கிள்ளானில் மதியக் கூட்டம் வடிந்த நேரம். சொல்லி முடிக்கும்வரை கேட்டான்.

"மரமா? என் எடத்துலயா?"

"அஞ்சாறு மரம். நல்ல மரம், முருகேசா."

"அண்ணே, இங்க நான் வெந்துக்கிட்டுக் கெடக்குறேன், அங்க அவங்க என் எடத்துல பந்து ஆடுறாங்களா? வெட்டச் சொல்லுங்கண்ணே! எல்லாத்தையும் வெட்டச் சொல்லுங்க!" போன் அணைந்தது. ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் கேட்டார்கள்.

"அவரு சொல்றது நியாயம்தான்" என்றார் கலியபெருமாள். அன்றைக்கு அவர் வீட்டில் சாப்பிட்டேன், யாருக்கும் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஷட்டிலும் நடக்கவில்லை. விஷயம் நான்கு தெருவிலும் பரவியிருந்தது. மூன்று நாளைக்கு முன்பு பெயர்கூடத் தெரியாத இடம், அதற்காக ஏன் இப்படித் துடிக்கிறேன் என்று என்மீதே கோபம் வந்தது.

லாட்ஜுக்குத் திரும்பும்போது முருகேசனிடமிருந்து ஒரு வரி வந்தது. 'நாளைக்கு எம் பொண்டாட்டி செல்வி வருவா. அவ பாத்துட்டு சொல்றதுதான்.'

வெள்ளிக்கிழமை விடியலில் இரண்டு விசில் கேட்கவில்லை. வெட்டப்போகும் மரத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று நினைத்தாரோ, வெறுமனே மனம் வரவில்லையோ, கலியபெருமாள் மோட்டாரைப் போடவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர்கள் குடத்தோடு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பத்து மணிக்குச் செல்வி வந்து சேர்ந்தாள். திருமானூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு தூக்குப் பை. காப்பி வேண்டாம் என்றுவிட்டாள். நாற்பத்தேழின் நடுவில் போய் நின்று சுற்றிலும் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள், வலையைப் பார்த்தாள், கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டிலருகே கொஞ்சம் நின்றாள்.

"இது யாருக்கு?"

"படுத்த படுக்கையா யாரு இருந்தாலும் அவங்க வூட்டுக்குப் போவும்மா" என்றார் டீச்சர்.

செல்வி கட்டிலின் தலைமாட்டை ஒரு தடவை தூக்கி இறக்கினாள்.

கலியபெருமாள் முன்னால் வந்தார். "தப்பு என்னுதும்மா. மன்னிப்புக் கேக்குறதுக்குக்கூட வாயில்ல. ஒரு வாரத்துல மரத்த எடுத்துட்டு எடத்தச் சுத்தமா ஒப்படைச்சுடுறோம்."

"கொஞ்சம் பொறுங்க" என்றார் வசந்தா டீச்சர். "நாப்பத்தஞ்சுல என் வூடு இருக்கு. நாப்பத்தாறு காலி மனை, அதுவும் என்னுது. பையனுக்குன்னு வாங்குனேன். அவன் ஓசூர்லயே வூடு வாங்கிட்டான், வரமாட்டான். வரமாட்டான்னு எனக்கு நாலு வருஷமாத் தெரியும், ஒத்துக்கத்தான் முடியல. அளவு ரெண்டும் ஒண்ணுதான். மாத்தி எழுதிக்கலாமாம்மா? நாப்பத்தாற நீ எடுத்துக்க. நாப்பத்தேழு எம் பேர்ல இருந்தா, நான் இருக்குற வரைக்கும் ஒரு இலைய ஒருத்தரும் தொட முடியாது."

கலியபெருமாள் அவரைத் திகைத்துப் பார்த்தார். அவருக்கும் இது புதிது என்று தெரிந்தது.

செல்வி தெருவைத் தாண்டி நாற்பத்தாறுக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள். அடி மேல் அடி வைத்து நீளத்தை அளந்தாள். பிறகு அகலத்தை. ஓரிடத்தில் நின்று, வாசற்படியில் நிற்பதுபோல் முகத்தைத் திருப்பினாள். தூக்குப் பையிலிருந்து போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க. பாத்துட்டேன். எதிர்த்த எடம் தர்றாங்க, நாப்பத்தாறு. இது வடக்க பாத்த மனை. அது தெக்க பாத்தது. பத்திரம் பதிஞ்ச அன்னைக்கே எனக்கு அது புடிக்கல, நீங்கதான் கேக்கல."

அந்தப் பக்கம் என்ன சொன்னானோ.

"வெட்டுனா மட்டும் பதினோரு வருஷம் திரும்பி வந்துருமாங்க? வாசல்ல நின்னா முன்னாடி மரம். எங்கப்பாவக் கூட்டியாந்து வெச்சாக்கூட கட்டில் இருக்கு. வேற என்ன வேணும்?" கொஞ்ச நேரம் கேட்டாள். "ம்... ம்... சரி, கேக்குறேன்." போனைக் காதில் வைத்தபடியே எங்கள் பக்கம் திரும்பினாள். "எழுத்து முடிக்காம நம்பமாட்டேங்குறாரு."

"திங்கக்கிழமையே பதிவாபீசுல டோக்கன் போட்டுடுவோம்மா!" என்று கத்தினார் கலியபெருமாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்தேன். என் கண்ணும் அவ்வளவு நன்றாக இல்லை.

செல்வி போனை வைத்துவிட்டு மோட்டார் அறைச் சுவரைப் பார்த்தாள். "அது என்ன பலகை?" விளக்கினோம்.

"நாப்பத்தாறுக்கு என்ன கெழமை?"

"வெள்ளிக்கெழமைம்மா."

"அப்ப இன்னைக்குத்தான?" என்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் கவிழ்த்திருந்த குடத்தை எடுத்தாள். உச்சி வெயில் ஏறும் நேரம். அந்த நேரத்தில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தொழில்முறையில் அது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. கலியபெருமாள் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டு, கன்னம் உப்ப இரண்டு விசில் ஊதினார். சத்தம் கேட்டு நான்கு தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். செல்வி முதல் குடத்தை நாவல் மரத்துக்கு ஊற்றினாள். இரண்டாவது குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். முப்பது வருடம் பூங்காவில் வேலை பார்த்தவன், ஒரு மரத்துக்கு என் கையால் தண்ணீர் ஊற்றியது அன்றைக்குத்தான்.

பத்திரம் மாற்றி எழுதியாயிற்று. மலேசியாவில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முருகேசன் படாத பாடு பட்டான். அது தனிக் கதை. ஐஸ் பெட்டிக்கு மேலே இப்போது புதுப் படம். காலி மனையில் வெறுங்காலோடு செல்வி நிற்கிறாள், அவள் பார்க்கும் பக்கம் நாவல் கிளை ஒன்று படத்துக்குள் நீண்டிருக்கிறது. தை வரைக்கும் அவர்கள் முறைக்கு டீச்சர்தான் ஊற்றுகிறார்.

வெள்ளிக்கிழமைகளில் அங்கே காலை ஆறு மணி என்றால் எங்களுக்கு எட்டரை. கடையில் கூட்டம் நெரியும் நேரம். சரியாக அப்போது முருகேசனின் போன் அடிக்கும். பாதி வீசிய ரொட்டியைக் கல்லின் ஓரத்தில் போட்டுவிட்டு எடுப்பான். "தம்பி, என் ரொட்டி என்னாச்சு?" என்று நாங்கள் கத்துவோம். கையை உயர்த்தி எல்லோரையும் அடக்குவான். அந்தப் பக்கம் யாரும் பேசுவதில்லை. இரண்டு விசில் மட்டும் கேட்கும். கேட்டதும் போனை வைத்துவிட்டு மாவை எடுப்பான்.